சுழல் வட்டு வால்வு: மலைச்சரிவுக் குழாயில் தண்ணீரை அளந்து விட எப்படி வடிவமைப்பது?

தலவாக்கலை ஊற்று:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் குடிநீர்க் குழுவில் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. காட்டோரத்து ஊற்றிலிருந்து லயங்களுக்கு மேலேயுள்ள நீர்த்தாங்கிக்கு ஏறத்தாழ 600 மீற்றர் நீளமான எச்டிபிஇ (கறுப்பு பிளாஸ்டிக்) குழாய் வருகிறது. அதன் உள்விட்டம் 80 மில்லிமீற்றர்; ஊற்றுக்கும் தாங்கிக்கும் உயர வேறுபாடு 70 மீற்றர். தாங்கிக்குத் தேவையானது விநாடிக்கு 2 லீற்றர்தான். மிச்சத் தண்ணீர் ஓடையோடு போக வேண்டும், ஏனென்றால் கீழ்ப்பிரிவு மக்கள் அந்த ஓடையிலிருந்து வரும் பீலியையே நம்பியிருக்கிறார்கள்.

ஓட்டத்தைக் குறைத்து வைப்பதற்காகத் தாங்கிக்குச் சற்று முன்னால் 3 அங்குல பட்டர்பிளை வால்வு (குழாய்க்குள் ஒரு வட்டு தண்டின் மேல் திரும்பித் திறந்து மூடும் வகை) ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. வால்வைத் தாண்டிய குழாய் வளைந்து இறங்கி, தாங்கியின் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கிறது. வால்வை மூடியதும் மூடாததுமாக வைத்தால்தான் 2 லீற்றர் அளவு கிடைக்கிறது. அப்போது குழாய்க்குள் சரளைக்கல் உருளுவது போன்ற சத்தம் இரவு பகலாகக் கேட்கிறது. கைப்பிடியை ஒரு விரல் அளவு நகர்த்தினாலே ஓட்டம் இரு மடங்காகிவிடுகிறது. அண்மையில் வால்வைக் கழற்றிப் பார்த்தபோது, வட்டின் விளிம்பில் தண்ணீர் வெளியேறும் பக்கம் முழுவதும் சிறு சிறு குழிகள் விழுந்திருந்தன. மூடும்போது வட்டு அழுந்தி நிற்கும் இறப்பர் இருக்கை ஓரிடத்தில் கிழிந்து, நார் நாராகத் தொங்கியது. வட்டின் மற்றப் பக்கம் புதிது போலவே இருந்தது.

அதே மாதிரி வால்வை மறுபடியும் வாங்கிப் போடுவதற்கு முன்னால் வேறொரு வடிவத்தை ஆராய விரும்புகிறேன். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியிருக்கும் இரண்டு தட்டையான வட்டுகள், ஒன்று அசையாதது, மற்றது சுழல்வது, இரண்டிலும் துளைகள். சுழலும் வட்டைத் திருப்பும்போது துளைகள் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்துகின்றனவோ அவ்வளவு தண்ணீர் போகும். சமையலறைக் குழாய்களில் இப்போது வரும் பீங்கான் வட்டுகளும் இதே முறையில்தான் இயங்குகின்றன. 70 மீற்றர் உயரத்துத் தண்ணீருக்கு இதைப் பெரிதாகச் செய்ய முடியுமா? துளையின் வடிவம் எப்படி இருக்க வேண்டும்? எந்த உலோகம் பொருத்தம்?

நீரியல் மாணவி:

வணக்கம் அண்ணா. வால்வின் வடிவத்துக்குப் போகும் முன்னர் இப்போதைய வால்வு ஏன் அழிந்தது என்பதைக் கணக்கில் பார்த்துவிடலாம், ஏனெனில் அதே காரணம் புதிய வட்டையும் அழிக்கக்கூடும்.

விநாடிக்கு 2 லீற்றர் என்பது 80 மில்லிமீற்றர்க் குழாயில் விநாடிக்கு 0.4 மீற்றர் வேகம் மட்டுமே. அந்த வேகத்தில் 600 மீற்றர் நீளத்திலும் உராய்வால் இழக்கப்படும் உயரம் ஒன்றரை மீற்றருக்குள் அடங்கிவிடும். எனவே 70 மீற்றரில் ஏறத்தாழ முழுவதையும் அந்த ஒரு வால்வே தின்று தீர்க்க வேண்டியிருக்கிறது. இடுக்கின் வழியாகத் தண்ணீர் பாயும் வேகம் விநாடிக்கு 35 மீற்றரைத் தாண்டுகிறது. வெளியேற்றக் குணகத்தை (கணக்கில் வரும் ஓட்டத்தில் உண்மையில் வெளியேறும் பங்கு) 0.6 என்று எடுத்துக்கொண்டால், 2 லீற்றருக்குத் தேவையான திறப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீற்றர்தான் என்று வருகிறது. குழாயின் குறுக்குப் பரப்பு 50 சதுர சென்டிமீற்றர். அதாவது வட்டு தன் முழுத் திறப்பில் ஐம்பதில் ஒரு பங்கிலேயே வாழ்நாள் முழுவதும் நின்றிருக்கிறது. பட்டர்பிளை வால்வு நன்றாகக் கட்டுப்படுத்தும் எல்லை, பொதுவாக 30 பாகைக்கும் 70 பாகைக்கும் இடைப்பட்டது. அதற்கு மிகக் கீழே, விளிம்பும் இருக்கையும் கிட்டத்தட்ட உரசும் இடத்தில் வைத்து ஓட்டத்தை அளந்தால், நீங்கள் சொல்கிற ஒரு விரல் நகர்வு இரட்டிப்பு வரத்தான் செய்யும்.

அடுத்தது அந்தச் சத்தம். இடுக்கில் வேகம் ஏறும்போது அழுத்தம் வீழ்கிறது. நீராவி அழுத்தத்துக்குக் கீழே போனால் தண்ணீருக்குள் நீராவிக் குமிழிகள் பிறக்கின்றன. வால்வைத் தாண்டி அழுத்தம் மறுபடி ஏறும் இடத்தில் அவை வெடித்து ஒடுங்குகின்றன. அந்த ஒடுக்கம் உலோகத்தின் மேல் நிகழ்ந்தால் குழி விழும். வால்வுக்கு முன்னுள்ள தனி அழுத்தத்திலிருந்து (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்த அழுத்தம்) நீராவி அழுத்தத்தைக் கழித்து, வால்வின் இரு பக்க அழுத்த வேறுபாட்டால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைக் கொண்டு இதன் கடுமையை அளப்பார்கள். வால்வுக்கு அப்பாலுள்ள அழுத்தம் நீராவி அழுத்தமாகவே வீழ்ந்துவிட்டால் அந்த எண் 1 ஆகும், அதுதான் அடிமட்டம். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வளிமண்டல அழுத்தம் 1 பாருக்குப் பதிலாக 0.88 பார் அளவில்தான் இருக்கும். அதை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் வால்வுக்கு 1.1 வருகிறது. நுவரெலியாவின் உயரத்தில் வளிமண்டலம் இன்னும் மெலிந்து 0.81 பார் ஆகிவிடும். சமவெளியில் எழுதப்பட்ட வால்வுக் கையேடுகளைப் படிக்கும்போது மலையகத்தில் இருப்பவர்கள் இந்தக் கழிவை மறக்கக் கூடாது.

வால்வுக்கு அப்பால் குழாய் தண்ணீருக்குள் மூழ்கி நிற்பதும் பாதகமானது. அந்தத் துண்டுக் குழாய்க்குள்தான் அழுத்தம் மீண்டு, குமிழிகள் வட்டின் முதுகிலேயே ஒடுங்குகின்றன. வால்வு குழாயின் கடைசி நுனியில் இருந்து, தண்ணீர் நேரே காற்றுவெளிக்குள் பாய்ந்தால், அருகில் உலோகம் இல்லாத இடத்தில் தாரை உடைந்துபோகும். ஆகவே நீங்கள் எந்த வட்டைச் செய்தாலும் அதைக் குழாயின் நடுவே வைக்காமல் நுனியில் வையுங்கள் என்பது என் முதல் ஆலோசனை.

பழைய ஃபிட்டர்:

மகள் எழுதியிருக்கும் கணக்கு சரியானது. தேயிலைத் தொழிற்சாலைகளில் சொந்த டர்பைன் ஓடிய காலத்தில் வேலை பழகியவன் என்ற முறையில் சில விடயங்களைச் சேர்க்கிறேன்.

தண்ணீரை நிறுத்துவது ஒரு வேலை, தண்ணீரைக் குறைத்து வைப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே வால்விடம் கொடுத்தால் முதலில் கெடுவது நிறுத்தும் திறமைதான், ஏனென்றால் இறுக்கமாக மூட வேண்டிய அதே விளிம்பைத்தான் பாய்ச்சல் அறுக்கிறது. நீர்த்தாரை மோதிச் சுழற்றும் டர்பைனான பெல்டன் சக்கரத்துக்கு வரும் குழாயில் இந்த இரண்டும் எப்போதும் பிரிந்தே இருக்கும். மேலே நிற்கும் முதன்மை வால்வு முழுதாகத் திறந்திருக்கும், அல்லது முழுதாக மூடியிருக்கும். ஓட்டத்தை அளப்பது, தாரை பாயும் குழாய் மூக்குக்குள் முன்னும் பின்னும் நகரும் ஊசி. 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்ஷபான நீர்மின் நிலையமும் பெல்டன் சக்கரங்களைக் கொண்டதுதான். அங்கும் ஒரு சிறிய தோட்டத் தொழிற்சாலையிலும் அளவுகள் மட்டுமே மாறும், கொள்கை மாறாது.

ஊசியைக்கூட அவசரத்தில் மூட மாட்டார்கள். சுமை திடீரென்று விழுந்தால் தாரையின் முன்னால் ஒரு தகடு வந்து அதைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். தண்ணீர் வெளியே பாய்ந்துகொண்டிருக்க, ஊசி ஆறுதலாக மூடும். குழாய்க்குள் ஓடிவரும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதை அந்தக் காலத்து ஃபிட்டர்கள் அனைவரும் அறிந்திருந்தார்கள். கால் சுற்றில் மூடிவிடும் வட்டு வால்வின் பெரிய ஆபத்து அதுதான். தம்பி, உங்கள் புதிய வட்டும் கால் சுற்றில் மூடும் என்றால் இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும்.

நீரியல் மாணவி:

ஐயா சொன்னதற்கு எண்கள் தருகிறேன். இது பாதுகாப்பு சார்ந்தது என்பதால் மேலோட்டமாக விட மனமில்லை.

வால்வு முழுதாகத் திறந்து கிடந்தால் இந்தக் குழாயில் வேகம் விநாடிக்கு 3 மீற்றர் வரை போகும். அதை ஒரே கணத்தில் நிறுத்தும்போது ஏறும் அழுத்தத்தை, தண்ணீரின் அடர்த்தி, அழுத்த அலையின் வேகம், நிறுத்தப்பட்ட வேகம் ஆகிய மூன்றையும் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். ரஷ்யரான ஜூகோவ்ஸ்கி 1898 இல் வெளியிட்ட விதி இது. எச்டிபிஇ குழாய் மென்மையானது என்பதால் அலையின் வேகம் விநாடிக்கு 300 மீற்றர் அளவில் இருக்கும்; ஏற்றம் 9 பார். ஏற்கனவே இருக்கும் 7 பாரோடு சேர்த்தால் 16 பார். 10 பார் தரக் குழாய்க்கும் அதன் இணைப்புகளுக்கும் இது பெரிய அடி. இதே நீளம் இரும்புக் குழாயாக இருந்திருந்தால் அலை விநாடிக்கு 1200 மீற்றர் வேகத்தில் போகும். ஏற்றம் மட்டுமே 36 பார்.

எவ்வளவு விரைவாக மூடினால் அது ஒரே கணத்தில் மூடியதற்குச் சமம் என்பதற்கும் அளவு இருக்கிறது: அலை ஊற்றுவரை போய்த் திரும்பும் நேரம். உங்கள் குழாய்க்கு அது 4 விநாடி. கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் மூடுபவர் 4 விநாடி எடுத்துக்கொள்ளவே மாட்டார். ஆகவே அதைப் போலப் பல மடங்கு நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி திருகு முறையோ பற்சக்கரப் பெட்டியோ இருக்க வேண்டும்.

ஹப்புத்தளை மேகம்:

விவாதத்தில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். பட்டர்பிளை வால்வையே கைவிட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. கழற்றப்பட்டது தண்டு வட்டின் நடுவே செல்லும் எளிய வகையாகத்தான் இருக்க வேண்டும். அதில் விளிம்பு எப்போதும் இறப்பரை உரசிக்கொண்டே திரும்பும். இரட்டை மைய விலகல் உள்ள வகையில் தண்டு இருக்கைத் தளத்துக்குப் பின்னாலும், குழாயின் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகியும் இருக்கும். அதனால் முதல் சில பாகைகளிலேயே வட்டு இருக்கையை விட்டு எழுந்துவிடுகிறது, தேய்வு மிகக் குறைகிறது. பற்சக்கரப் பெட்டியோடு வாங்கினால் அவசரத்தில் மூடும் பிரச்சினையும் தீரும். கடையில் கிடைக்கும் பொருளுக்கு உதிரிப் பாகம் உண்டு. பட்டறையில் செய்த பொருளுக்கு, செய்தவர் ஊரைவிட்டுப் போனால் யார் பதில் சொல்வது?

நீரியல் மாணவி:

உதிரிப் பாகம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. வடிவமைப்பு எளிமையாக இருக்க வேண்டும் என்பதற்கு அதையே காரணமாக எடுத்துக்கொள்கிறேன். இரட்டை மைய விலகல் உரசலைக் குறைக்கும் என்பதும் சரி. ஆனால் ஐம்பதில் ஒரு பங்கு திறப்பில் நிற்கும்போது குமிழி அரிப்பை அது நிறுத்தாது. அத்துடன், பாதி திறந்த வட்டைத் தண்ணீர் தானாக மூடும் பக்கம் திருப்பப் பார்க்கும் என்பதால் பற்சக்கரப் பெட்டி அங்கே கட்டாயமாகிறது. பெரிய குழாய், குறைந்த அழுத்த வேறுபாடு, பெரும்பாலும் முழுத் திறப்பு என்ற நிலைமையில் நீங்கள் சொல்லும் வால்வுதான் சிறந்தது. இங்கே நிலைமை நேரெதிர்.

அட்டன் கடைசல் பட்டறை:

தட்டை வட்டுகளைச் செய்ய வேண்டியவன் என்ற இடத்திலிருந்து பேசுகிறேன்.

முதலில் உலோகம். மலையகத்து ஊற்றுநீர் மென்னீர், பெரும்பாலும் சற்று அமிலத்தன்மை கொண்டது. சாதாரணப் பித்தளையைப் போட்டால் அதிலுள்ள துத்தநாகம் காலப்போக்கில் கரைந்து, செந்நிறமான பஞ்சு போன்ற உலோகமே மிஞ்சும். அதனால் பித்தளை வேண்டாம். இரண்டு வட்டையும் துருப்பிடிக்காத உருக்கில் செய்தால், அழுத்தத்தின் கீழ் உரசும்போது ஒன்றையொன்று ஒட்டிப் பிடித்து முகம் கீறிப்போகும். அசையாத வட்டைத் துருப்பிடிக்காத உருக்கிலும், சுழலும் வட்டைத் துப்பாக்கி வெண்கலத்திலும் (கன்மெட்டல்) செய்வது நல்லது. தேய்வது வெண்கலமாக இருக்கட்டும். அதை மறுபடி முகம் சீவி எடுக்க எந்தப் பட்டறையிலும் முடியும்.

இரண்டாவது, முகங்களின் தட்டைத்தன்மை. லேத்தில் சீவிய முகம் தண்ணீரைப் பிடிக்காது. தடித்த கண்ணாடித் தட்டின் மேல் கார்போரண்டம் பசையைத் தடவி, வட்டை எட்டு வடிவில் தேய்த்து, பிறகு நீல மை பூசி மற்ற வட்டோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். மை முகம் முழுவதும் சமமாகப் படியும்வரை தேய்ப்பு தொடரும். நடுப்பகுதி சற்றுக் குழிவாக இருந்தால் பாதகமில்லை, ஆனால் துளைகளைச் சுற்றியுள்ள ஓரம் எங்கேயும் விட்டுப்போகக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. சுழலும் வட்டை உள்பக்கம், அதாவது அழுத்தம் உள்ள பக்கம் வைத்தால் தண்ணீரே அதை அழுத்தி மூடும்; கசிவு குறையும். ஆனால் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டின் மேல் 70 மீற்றர் உயரத்துத் தண்ணீர் 5400 நியூட்டன் விசையைப் போடும். உராய்வுக் குணகம் 0.3 என்றால் திருப்ப 54 நியூட்டன் மீற்றர் முறுக்கு வேண்டும். கால் மீற்றர் நீளமான கைப்பிடியில் அது 22 கிலோவைத் தூக்குகிற பலம். ஒரு பெண் பிள்ளையோ வயதான ஒருவரோ தாங்கிக்குப் போய் அதைத் திருப்ப முடியாது. மேலும் தண்டு அழுத்தச் சுவரைத் துளைத்து வெளியே வர வேண்டும். அந்த இடத்தில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் போட்டு, ஒழுகும்போதெல்லாம் இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய ஃபிட்டர்:

கடைசல் தம்பியின் மூன்றாவது தயக்கத்துக்கு எளிய விடை உண்டு. வட்டை வெளிப்பக்கம் வையுங்கள். குழாயின் நுனியிலுள்ள ஃபிளாஞ்சில் (போல்ட் துளைகள் உள்ள வளையம்) அசையாத வட்டை போல்ட்டால் இறுக்கி, அதன் நடுவே ஒரு தண்டை நிறுத்தி, சுழலும் வட்டை வெளியிலிருந்து அதில் கோத்து, சுருள்வில்லும் நட்டும் போட்டு அழுத்துங்கள். தண்ணீர் வட்டை வெளியே தள்ளப் பார்க்கும். ஆனால் துளையின் பரப்பளவுக்கு மட்டும்தான் தள்ள முடியும். எதையும் துளைத்து வெளியே வர வேண்டியதில்லை, பேக்கிங் இல்லை. வட்டு தேய்ந்தால் ஸ்பானர் ஒன்றோடு போய் நட்டைக் கழற்றி எடுத்து வரலாம். உதிரிப் பாகம் பற்றிக் கேட்ட நண்பருக்கும் இதுவே பதில்: மாற்ற வேண்டியது ஒரே ஒரு தட்டு.

ஆனால் 70 மீற்றரை அப்படியே இந்த வட்டின் மேல் விடாதீர்கள். வழியில் ஓர் அழுத்த முறிவுத் தொட்டி, அதாவது தண்ணீர் காற்றுவெளியில் விழுந்து மேலிருந்து வந்த அழுத்தத்தை இழக்கும் திறந்த தொட்டி, கட்டி, வட்டுக்கு 15 மீற்றர் மட்டும் வரும்படி செய்யுங்கள்.

ஹப்புத்தளை மேகம்:

ஐயாவின் யோசனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி விடையில்லாமல் நிற்கிறது. தொட்டிக்கும் கீழேயுள்ள வட்டுக்கும் 15 மீற்றர் என்றால், மேலே மிச்சமுள்ள 55 மீற்றரை யார் தாங்குவது? தொட்டியின் வாயில் மறுபடி ஒரு வால்வை வைத்தால் இப்போதைய சிக்கலைச் சரிவில் மேலே நகர்த்தியதாகத்தானே ஆகும்?

நீரியல் மாணவி:

மிகச் சரியான கேள்வி. உயரம் எங்கும் மறையாது. அதை எந்த இடத்தில், எந்தப் பொருளின் மேல் செலவழிக்கிறோம் என்பதைத்தான் நாம் தெரிவு செய்கிறோம்.

தொட்டியின் வாயில் வால்வு வேண்டாம். துளையிட்ட தகடு ஒன்று போதும். தொட்டி எப்போதும் நிரம்பி வழியும் நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காக விநாடிக்கு இரண்டரை லீற்றரை எடுத்துக்கொள்வோம். 55 மீற்றரில் அந்த ஓட்டத்துக்குத் தேவையான துளை ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் விட்டமுள்ளது. அசையும் பாகம் எதுவும் இல்லாத, 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள துருப்பிடிக்காத உருக்குத் தகடு. தண்ணீர் அதிலிருந்து காற்றுவெளிக்குள் பாய்கிறது. அரிப்பு நிகழ்ந்தாலும் நட்டம் ஒரு தகடுதான். வெளியேறும் தாரை விநாடிக்கு 33 மீற்றர் அளவு வேகம் கொண்டது என்பதால் எதிர்ச் சுவரின் கொங்கிறீற்றை அது குடைந்துவிடும். தாரை விழும் இடத்தில் ஓர் உருக்குத் தகட்டைச் சாய்வாகப் பதியுங்கள். வழியும் மிச்சத் தண்ணீரைக் குழாய் போட்டு ஓடைக்கே திருப்பிவிட வேண்டும். கீழ்ப்பிரிவு மக்களின் பங்கு அதில் இருக்கிறது.

இதனால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. அந்தத் துளையை யாரும் அவசரமாக மூட முடியாது, ஆகவே மேலேயுள்ள நீண்ட குழாயில் நீர் அடி (ஓட்டம் திடீரென்று நிற்பதால் வரும் அழுத்த ஏற்றம்) என்பதே எழாது. கோடையில், குறிப்பாகப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில், ஊற்று இரண்டரை லீற்றருக்குக் கீழே போனால் குழாய் முழுதாக நிரம்பாமல் காற்றை இழுக்கும். அந்தக் காலத்துக்கென்று 8 அல்லது 9 மில்லிமீற்றர்த் துளையுள்ள இன்னொரு தகட்டையும் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டன் கடைசல் பட்டறை:

15 மீற்றர் என்றால் என் தயக்கம் முற்றாக நீங்குகிறது. 6 மில்லிமீற்றர்த் தகட்டை வாங்கிவிடலாம். 13 மில்லிமீற்றர்த் துளையின் உள்வரும் விளிம்பைக் கூர்மையாகவே விடுகிறேன். அதை உருட்டிவிட்டால் குணகம் ஏறி, கணக்கை மீறித் தண்ணீர் போகும். இனி முக்கியமான விடயம்: வட்டின் துளை வடிவம் என்ன?

நீரியல் மாணவி:

இந்த இடத்தில் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த வால்வின் குணத்தைத் தீர்மானிப்பது துளையின் வடிவம்தான்.

மிக எளிய வடிவம், வட்டின் நடுவிலிருந்து விரியும் வட்டக் கூறு. அதில் திறக்கும் பரப்பு சுழற்றிய பாகைக்கு நேர்விகிதத்தில் ஏறும். 10 பாகைக்கு இவ்வளவு என்றால் 20 பாகைக்கு அதைப் போல இரு மடங்கு. முறிவுத் தொட்டி எப்போதும் வழிந்துகொண்டிருப்பதால் வட்டுக்கு வரும் உயரம் மாறாது. எனவே ஓட்டமும் பாகையோடு நேராக ஏறும். பார்ப்பதற்கு இதுவே சிறந்ததாகத் தோன்றும். ஆனால் கோடையில் தோட்டம் அரை லீற்றருக்கும் ஒரு லீற்றருக்கும் இடையில் நுணுக்கமாகப் பங்கிட வேண்டியிருக்கும்; மழைக்காலத்தில் 2 லீற்றரில் அவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. தண்ணீர் குறைந்த காலத்தில்தான் கைப்பிடியின் ஒவ்வொரு பாகைக்கும் மதிப்பு அதிகம். ஆகவே ஒரு முனையில் ஒடுங்கி மறுமுனையில் அகலும் வளைந்த பிளவை நான் பரிந்துரைக்கிறேன்.

அசையாத வட்டில், நடுவிலிருந்து 30 மில்லிமீற்றர் ஆரத்தில் கால் வட்ட நீளத்துக்கு அந்தப் பிளவை வெட்டுங்கள். நீளம் 47 மில்லிமீற்றர் வரும். ஒடுங்கிய முனையில் அகலம் 4 மில்லிமீற்றர், மறுமுனையில் 12. சுழலும் வட்டில் அதைவிடச் சற்றுப் பெரிய கால் வட்டச் சாளரம் ஒன்று. அதன் நேரான விளிம்பு பிளவின் மேல் நகர்ந்து, ஒடுங்கிய முனையிலிருந்து தொடங்கித் திறக்கும். 15 மீற்றர் உயரத்தில் கணக்கிட்டால், அரை லீற்றருக்கு 19 பாகை, ஒரு லீற்றருக்கு 34 பாகை, 2 லீற்றருக்கு 57 பாகை வருகிறது. முழுத் திறப்பில் 4 லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் போக இடமிருக்கிறது, ஆனால் தொட்டிக்கு வருவதே இரண்டரை என்பதால் 65 பாகைக்கு மேல் திருப்ப முடியாதபடி ஒரு தடுப்பு முளை வைத்துவிடுங்கள்.

பிளவின் முழுப் பரப்பும் 3.8 சதுர சென்டிமீற்றர்தான். ஐயா சொன்னபடி வட்டு வெளிப்பக்கம் இருந்தால் தண்ணீர் அதைத் தள்ளும் விசை 60 நியூட்டனைத் தாண்டாது. சுருள்வில் 200 நியூட்டன் கொடுத்தால் போதும். திருப்பத் தேவையான முறுக்கு 2 நியூட்டன் மீற்றர் மட்டுமே. கடைசல் அண்ணன் கணக்கிட்ட 54 ஐ இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தலவாக்கலை ஊற்று:

ஒடுங்கிய முனையை 4 மில்லிமீற்றரில் நிறுத்தியது ஏன்? ஊசிமுனையாகவே ஒடுக்கினால் இன்னும் நுணுக்கமாக அளக்கலாம் அல்லவா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்மேல் பருவமழை தொடங்கும் நாட்களில் ஊற்றுத் தொட்டிக்குள் இலைத்துணுக்கும் மணலும் வரும். வடிகட்டி இருக்கிறது, ஆனால் அதன் துளைகள் 2 மில்லிமீற்றர்.

நீரியல் மாணவி:

உங்கள் வடிகட்டியின் துளையே அதற்குக் காரணம் அண்ணா. வடிகட்டி விட்டுவிடும் எதுவும் வால்வில் சிக்கக் கூடாது. அதற்குப் பிளவின் மிகக் குறுகிய இடம் வடிகட்டித் துளையைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும். ஊசிமுனையில் ஓர் இலைநரம்பு குறுக்கே மாட்டினால் மற்றவை அதன் மேல் சேர்ந்து, இரவோடு இரவாக ஓட்டம் நின்றுவிடும். மணலைப் பொறுத்தவரை, அது பெரும்பாலும் படிகக் கல், வெண்கலத்தைவிட மிகக் கடினமானது. தேய்வைத் தவிர்க்க முடியாது. சமையலறைக் குழாய்களில் அலுமினா பீங்கான் வட்டைப் போடுவது அது படிகக் கல்லைவிடவும் கடினம் என்பதால்தான், ஆனால் 100 மில்லிமீற்றரில் அதை இங்கே தீட்டி எடுப்பது இயலாத காரியம். ஊற்றுத் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையில் மணல் படிவதற்கு ஒரு சிறு அறை கட்டுவதே மலிவான தீர்வு.

ஹப்புத்தளை மேகம்:

என் இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது. இந்த வடிவமைப்பை ஏற்கிறேன். ஓர் இடைச்செருகல்: விநாடிக்கு இரண்டரை லீற்றர், 55 மீற்றர் என்றால் முறிவுத் தொட்டியில் வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ 1.3 கிலோவாற்று. அந்தத் துளைத் தகடு இருக்கும் இடத்தில் ஒரு சிறிய பெல்டன் சக்கரத்தைப் பொருத்தினால், பாதி திறனோடு ஓடினாலும் பாதை விளக்குகளுக்கும் பிள்ளைகள் படிக்கும் அறைக்கும் மின்சாரம் கிடைக்கும்.

பழைய ஃபிட்டர்:

நல்ல எண்ணம். தொட்டியைக் கட்டும்போது சக்கரத்துக்கென்று சுவரை அரை மீற்றர் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு தனி இழையில் பேசலாம்.

வால்வுக்குத் திரும்புகிறேன். வட்டுக்கு முன்னால், எளிதில் எட்டக்கூடிய இடத்தில், ஒரு கேட் வால்வு இருக்கட்டும். தாங்கியைக் கழுவும்போதும் வட்டைக் கழற்றும்போதும் அதை மூடுங்கள்; மற்ற நேரமெல்லாம் முழுதாகத் திறந்து வையுங்கள். அது பல சுற்றுத் திருகி மூடுவது என்பதால் அடியும் வராது. அதைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அதற்காகவே வட்டின் ஓரத்தில் பாகைகளைக் கொத்தி, லீற்றர் அளவுகளையும் பக்கத்தில் கொத்திவிடுங்கள். கணக்கில் வந்த 19, 34, 57 ஐ அப்படியே கொத்த வேண்டாம். வால்வைப் பொருத்திய பிறகு வாளியையும் கைக்கடிகாரத்தையும் வைத்து அளந்து, வந்த இடத்தில் கொத்துங்கள். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதில் சண்டை வராமலிருக்க, அளவு எல்லோருக்கும் தெரியும்படி உலோகத்தில் இருக்க வேண்டும்.

தலவாக்கலை ஊற்று:

எல்லோருக்கும் நன்றி. படம் வரைந்து முடித்துவிட்டேன். முறிவுத் தொட்டி, தாங்கிக்கு 15 மீற்றர் மேலே, பழைய கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்திலுள்ள சமதளத்தில் அமையும். குழாயின் நுனி, தாங்கியின் நீர்மட்டத்துக்கு மேலே, சுவரை விட்டு உள்ளே நீண்டிருக்கும்படி மாற்றுகிறோம். குழுக் கூட்டத்தில் இதை விளக்கினேன், ஏற்றுக்கொண்டார்கள். பட்டறைக்கு வட்டைக் கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒன்று: குழாய் படுக்கையாக வந்து முடிகிறது. அசையாத வட்டைப் பொருத்தும்போது பிளவு மேல்பாதியில் வர வேண்டுமா, கீழ்ப்பாதியில் வர வேண்டுமா?

பழைய ஃபிட்டர்:

கீழ்ப்பாதியில், ஒடுங்கிய முனை எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும்படி. வட்டின் முன்னால் படியும் மணல் அப்போதுதான் குறைந்த திறப்பிலும் ஓட்டத்தோடு வெளியேறும். மேலே வைத்தால் குழாயின் அடியில் மேடாகச் சேர்ந்து, ஒருநாள் மொத்தமாக வந்து வெண்கலத்தைக் கீறும். பிளவு கீழே இருப்பதால் குழாயின் மேல் ஓரத்தில் காற்று தங்கும். அதற்கு அசையாத வட்டின் உச்சியில், சுழலும் வட்டு மூடாத இடத்தில், 3 மில்லிமீற்றர்த் துளை ஒன்று போடுங்கள். அதிலிருந்து வடிவதும் தாங்கிக்குள்தான் விழும். இலைத்துணுக்கு அடைத்தால் கம்பியால் குத்திவிடலாம்.

அட்டன் கடைசல் பட்டறை:

குறித்துக்கொண்டேன். அந்த 3 மில்லிமீற்றர்த் துளைக்கு இடம் விட, சுழலும் வட்டின் மேல் ஓரத்தில் ஒரு வெட்டு எடுத்துவிடுகிறேன். தடுப்பு முளையும் அதே வெட்டுக்குள் அமைந்துவிடும். ஃபிளாஞ்சின் போல்ட் வட்டத்தை அளந்து அனுப்புங்கள் அண்ணன், அதன் பிறகு தகட்டை வெட்டுகிறேன்.